இரண்டு கோடு தெரிந்ததும் மாத்திரையைத் தூக்கிப் போடலாமா?

கர்ப்பம் என்று உறுதியான அன்று சாயங்காலமே என் அக்கா ஒரு வேலை செய்தார். அலமாரியில் சேலைக்கு அடியில் வைத்திருந்த மாத்திரை அட்டையை எடுத்துக் குப்பையில் போட்டார்.

பெரியம்மா மகள். சின்னமனூரில் வாழ்க்கைப்பட்டவர். மாமா ஜீப் ஓட்டுகிறார். விடிவதற்கு முன்பே தோட்ட வேலைக்குப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு, கம்பம்மெட்டு வழியாக கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குப் போய், இருட்டும் நேரத்தில் திரும்புவார். அக்காவுக்கு கல்யாணத்துக்கு முன்பே இரண்டு முறை மனச்சோர்வு வந்திருந்தது. மருத்துவர் எழுதிக் கொடுத்த செர்ட்ராலின் மாத்திரையைத் தினமும் ஒன்று எடுத்துக்கொண்டு நன்றாகவே இருந்தார். அது என்ன மாத்திரை என்று மாமாவுக்குத் தெரியும். அத்தைக்கு அரைகுறையாகத் தெரியும்.

"வயித்துல புள்ளைய வச்சுக்கிட்டு எதுக்கு ஆத்தா இந்த மாத்திரையெல்லாம்?" என்று அத்தை கேட்டது ஒரே ஒரு முறைதான். அதுகூடத் தேவைப்படவில்லை. அக்காவே முடிவு செய்திருந்தார். "குழந்தைக்கு ஒண்ணும் ஆயிடக் கூடாதுன்னு நெனச்சேன் பாப்பா. வேற எதுவும் யோசிக்கல" என்றார் என்னிடம்.

இதை எழுத அவர்தான் சம்மதித்தார். "என் பேரு மட்டும் வேணாம். மத்ததை எழுது. யாருக்காவது உதவட்டும்" என்றார்.

மசக்கையா, மாத்திரை நின்றதா?

மூன்றாவது நாள் தலைசுற்றல். குமட்டல். ராத்திரி பயங்கரக் கனவுகள். கண்ணைத் திருப்பினால் தலைக்குள் கரன்ட் அடித்த மாதிரி ஒரு வெட்டு. வீட்டில் எல்லோரும் 'மசக்கை' என்றார்கள். எலுமிச்சை வாங்கி வந்தார்கள், இஞ்சி தட்டிப் போட்டார்கள்.

இங்கேதான் பலரும் ஏமாந்துபோகிறார்கள். மனச்சோர்வு மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் வரும் தொந்தரவுகளும் மசக்கையும் பார்க்க ஒன்று போலவே இருக்கும். வாந்தி, சோர்வு, தலைசுற்றல், எரிச்சல் எல்லாம் இரண்டிலும் உண்டு. ஆனால் தலைக்குள் கரன்ட் அடிப்பது போன்ற உணர்வு மசக்கையில் வராது. மாத்திரையை நிறுத்திய சில நாள்களுக்குள் அது வந்தால், காரணம் பெரும்பாலும் மாத்திரை நின்றதுதான்.

இந்தத் தொந்தரவு சிலருக்கு ஓரிரு வாரங்களில் அடங்கிவிடும், சிலருக்கு மாதக்கணக்கில் நீளும். அதைவிடப் பெரிய ஆபத்து சத்தமில்லாமல் பின்னால் வரும். அது, பழைய மனச்சோர்வே திரும்புவது. அது நாள் கணக்கில் வராது, வாரக்கணக்கில் மெல்ல மெல்ல வரும். அக்காவுக்கு அப்படித்தான் வந்தது. நான்காம் மாதம் சாப்பாடு இறங்கவில்லை. ஸ்கேனுக்குக் கொடுத்த தேதியில் எழுந்து கிளம்பவில்லை. "நான் செத்துட்டா இந்தப் புள்ளையும் கஷ்டப்படாதுல்ல" என்று ஒருநாள் மாமாவிடம் சொன்னார். மறுநாள் மாமா ஜீப்பை எடுக்கவில்லை. அக்காவைக் கூட்டிக்கொண்டு அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போனார். மாத்திரை மறுபடி தொடங்கியது. குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. இப்போது அவனுக்கு நான்கு வயது.

எந்தப் பக்கம் ஆபத்து அதிகம்?

'மாத்திரை எடுத்தால் குழந்தைக்கு ஆபத்து, எடுக்காவிட்டால் ஆபத்து இல்லை' என்ற கணக்கு தவறு. இரண்டு பக்கமும் ஆபத்து உண்டு. எது சிறியது என்பதுதான் கேள்வி.

2006-ல் 'ஜாமா' மருத்துவ இதழில் அமெரிக்க ஆய்வு ஒன்று வெளியானது. ஏற்கெனவே மனச்சோர்வு வந்து, மாத்திரையால் நலமாக இருந்த 201 கர்ப்பிணிகளைக் கவனித்தார்கள். மாத்திரையைத் தொடர்ந்தவர்களில் 26 சதவிகிதம் பேருக்கு நோய் திரும்பியது. நிறுத்தியவர்களில் 68 சதவிகிதம் பேருக்குத் திரும்பியது. 2011-ல் வந்த மற்றோர் ஆய்வில் இவ்வளவு பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆனால், பலமுறை மனச்சோர்வு வந்தவர்களுக்கு ஆபத்து கூடுதல் என்பது அதிலும் தெரிந்தது. அதனால் ஒருவருக்குச் சரியான முடிவு இன்னொருவருக்குச் சரியாக இருக்க வேண்டியதில்லை.

குழந்தைப் பக்கம் என்ன ஆபத்து? எந்த மாத்திரையும் எடுக்காத கர்ப்பங்களிலும் 100-க்குச் சுமார் 3 குழந்தைகள் ஏதாவது பிறவிக் குறையோடு பிறக்கின்றன. செர்ட்ராலின் போன்ற மாத்திரைகள் இதைப் பெரிதாகக் கூட்டுவதில்லை. பராக்சிடின் மட்டும் முதல் மூன்று மாதங்களில் இதயக் குறைபாட்டைச் சற்றுக் கூட்டலாம் என்று 2005-லேயே அமெரிக்க மருந்து கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது. அதனால் கர்ப்பத்துக்குத் திட்டமிடுபவர்களுக்கு மருத்துவர்கள் பொதுவாக அதைத் தவிர்க்கிறார்கள். பிறந்த குழந்தைக்கு நுரையீரல் ரத்த அழுத்தம் அதிகமாகும் அரிய பிரச்னை, 1,000-க்குச் சுமார் 2 என்பதிலிருந்து சுமார் 3 ஆகலாம். சில குழந்தைகள் பிறந்த முதல் சில நாள்கள் நடுக்கத்தோடும் அழுகையோடும் பால் குடிக்கச் சிரமப்பட்டும் இருக்கும். பெரும்பாலும் சில நாள்களில் தானே சரியாகிவிடும். பிரசவத்துக்குச் சேரும்போதே குழந்தை மருத்துவரிடம் மாத்திரை விவரத்தைச் சொல்லிவிட்டால் அவர்கள் கவனித்துக்கொள்வார்கள்.

2025 ஜூலையில் அமெரிக்காவில் இதே மாத்திரைகளைப் பற்றி அரசு அமைப்பு ஒரு நிபுணர் கூட்டம் நடத்தியது. அதில் பலர் மாத்திரைக்கு எதிராகப் பேசினார்கள். அந்தக் கூட்டம் ஒருதலைப்பட்சமானது, சிகிச்சை பெறாத மனச்சோர்வின் ஆபத்தை அது பேசவில்லை என்று அந்நாட்டு மகப்பேறு மருத்துவர்கள் கல்லூரி கண்டித்தது. அந்தப் பேச்சின் துண்டு வீடியோ உங்கள் வாட்ஸ்அப்புக்கு வந்திருந்தால், இந்த மறுபாதியையும் சேர்த்துப் படியுங்கள்.

குறைப்பது என்றால் எப்படி?

மாத்திரையைக் குறைக்க நினைப்பது தவறில்லை. லேசான மனச்சோர்வு ஒரே ஒரு முறை வந்து, நீண்ட நாளாக நலமாக இருப்பவர்கள் குறைத்துப் பார்க்கலாம். கூடவே பேச்சு சிகிச்சையும் கிடைத்தால் இன்னும் நல்லது. தற்கொலை எண்ணம் வந்தவர்கள், பலமுறை மனச்சோர்வு வந்தவர்கள், முன்பு நிறுத்தியபோது மோசமானவர்கள் ஆகியோருக்குத் தொடர்வதையே மருத்துவர்கள் பெரும்பாலும் பரிந்துரைப்பார்கள்.

குறைப்பதென்று மருத்துவரும் நீங்களும் சேர்ந்து முடிவெடுத்தால், கவனிக்க வேண்டியவை:

ஒன்று, ஒரு படி இறங்கி, இரண்டு முதல் நான்கு வாரம் அங்கேயே நின்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த படி. எவ்வளவு, எத்தனை வாரம் என்பது மாத்திரைக்கு மாத்திரை மாறும். ஃப்ளுவாக்சிடின் உடம்பை விட்டு மெதுவாக வெளியேறும். பராக்சிடின், வென்லாஃபாக்சின் சீக்கிரம் வெளியேறும் என்பதால், இவற்றை நிறுத்தும்போது தொந்தரவும் அதிகம்.

இரண்டு, கடைசிப் படிதான் கடினம். மாத்திரையின் அளவு பாதியானால் மூளையில் அதன் வேலையும் பாதியாகிவிடுவதில்லை. சிறிய அளவே பெரும்பகுதி வேலையைச் செய்துவிடுகிறது. அதனால் 100 மில்லிகிராமை 75 ஆக்கும்போது பெரிதாகத் தெரியாது. கடைசி 25-ஐ ஒரேயடியாக நிறுத்தும்போதுதான் உடம்பு உலுக்கும். 2019-ல் மார்க் ஹொரோவிட்ஸ், டேவிட் டெய்லர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதை விளக்கி, கடைசியில் படிகளை இன்னும் சின்னதாக்க வேண்டும் என்று எழுதினார்கள். இதைக் கேட்டதும் மாமா சொன்னது: "மெட்டுல இருந்து எறங்குறப்ப இன்ஜினை ஆஃப் பண்ணிட்டா எறங்குவோம்? கியரைக் கொறச்சு, ஒவ்வொரு வளைவா எறங்கணும். ஊரு தெரியுதேன்னு கடைசி வளைவுல விட்டுடக் கூடாது."

மூன்று, 'ஒருநாள் விட்டு ஒருநாள்' என்று நீங்களாகச் சாப்பிடாதீர்கள். சீக்கிரம் வெளியேறும் மாத்திரைகளில் இது ரத்தத்தில் அளவை ஏற்றி இறக்கி, தொந்தரவைக் கூட்டும். கேப்ஸ்யூலைப் பிரிப்பது, மெதுவாகக் கரையும் மாத்திரையை உடைப்பது இரண்டும் கூடாது.

நான்கு, எப்போது நிறுத்திக்கொள்வது என்பதை முதலிலேயே பேசி வையுங்கள். தூக்கம் கெட்டால், சாப்பாடு குறைந்தால், தொடர்ந்து அழுகை வந்தால் முந்தைய படிக்கே திரும்ப வேண்டும். இதை உங்களைவிட, கூட இருப்பவர்தான் முதலில் கவனிப்பார். அதனால் வீட்டில் ஒருவருக்காவது சொல்லியிருக்க வேண்டும்.

ஐந்து, பிரசவத்துக்கு முன் நிறுத்தினால் குழந்தைக்கு நல்லது என்று கடைசி மாதங்களில் அவசரமாக நிறுத்துவது வேண்டாம். அதனால் குழந்தைக்கு நன்மை என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. தாய்க்கு மனச்சோர்வு திரும்பும் ஆபத்தான நேரமோ அதுதான். செர்ட்ராலின் தாய்ப்பாலில் மிகக் குறைவாகவே கலக்கிறது.

இங்கே ஒரு முக்கியமான எச்சரிக்கை. மனநல மாத்திரைகள் எல்லாம் ஒன்றல்ல. வலிப்புக்கும் மனநிலை ஏற்ற இறக்கத்துக்கும் கொடுக்கப்படும் வால்ப்ரோயேட், கருவைக் கடுமையாகப் பாதிக்கக்கூடியது. அதை எடுப்பவர்கள் கர்ப்பத்துக்குத் திட்டமிடும்போதே மருத்துவரைப் பாருங்கள். ஏற்கெனவே கர்ப்பம் என்றால் அன்றைக்கே பாருங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

அம்மா வீட்டுக்குப் போகும் பையில்...

நம் ஊரில் வளைகாப்பு முடிந்தால் அம்மா வீடு. உத்தமபாளையத்திலிருந்து போடிக்கோ, கூடலூரிலிருந்து ஆண்டிபட்டிக்கோ போகும்போது பார்க்கும் மருத்துவரும் மாறிவிடுவார். மாத்திரை அறுபடுவது பெரும்பாலும் இங்கேதான். மாத்திரையின் பெயரும் அளவும் எழுதிய சீட்டை, தாய் சேய் நல அட்டையோடு சேர்த்து வையுங்கள். ஒரு மாதத்துக்கான மாத்திரையும் கூடவே போகட்டும்.

வீட்டின் ஆதரவு இதில் சின்ன விஷயமில்லை. வேலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் சி.எம்.சி. மருத்துவர்கள் நடத்தி 2002-ல் வெளியிட்ட ஆய்வில், பிரசவத்துக்குப் பிறகு 11 சதவிகிதம் பெண்களுக்குப் புதிதாக மனச்சோர்வு வந்தது தெரிந்தது. குறைந்த வருமானம், மகனை எதிர்பார்த்து மகள் பிறந்தது, மாமியாரோடும் பெற்றோரோடும் உரசல், கைவேலைக்கு உதவி இல்லாதது ஆகியவை காரணங்களாகத் தெரிந்தன. இவற்றில் கடைசியானதையாவது வீட்டில் இருப்பவர்கள் நினைத்தால் இன்றே மாற்றலாம்.

தேனி மாவட்டத்தில் இருப்பவர்கள், ஆண்டிபட்டி போகும் வழியில் க.விலக்கில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். கம்பம், கூடலூர்ப் பக்கமிருந்து அவ்வளவு தூரம் போனால் ஒருநாள் கூலி போகும். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் எந்த நாளில் எந்த அரசு மருத்துவமனைக்கு வருகிறார் என்று உங்கள் ஊர் கிராம சுகாதார செவிலியரிடம் முதலில் கேளுங்கள். 14416 என்ற இலவச எண்ணில் 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் காத்திருக்காதீர்கள். உடனே 14416-க்கோ 108-க்கோ அழையுங்கள், பக்கத்தில் இருப்பவரிடமும் சொல்லுங்கள்.

இரண்டாவது முறை

அக்கா இப்போது மறுபடி கர்ப்பம். இந்த முறை இரண்டு கோடு தெரிந்ததும் மாத்திரை அட்டை குப்பைக்குப் போகவில்லை. அந்த வாரமே மருத்துவரிடம் போனார். "உங்களுக்குத் தொடர்றதுதான் நல்லதுன்னு நான் நினைக்கிறேன். ஆனா முடிவு உங்களோடது" என்றார் மருத்துவர். அக்கா குறைத்துப் பார்க்க விரும்பினார். முதல் படி சுலபமாக இருந்தது. இரண்டாவது படியில், விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பும் காரணமில்லாத அழுகையும் வந்தன. அந்த வாரமே முந்தைய அளவுக்குத் திரும்பினார்கள். இப்போது அங்கேயே நிற்கிறார்கள்.

"தோத்துட்ட மாதிரி இருக்கா அக்கா?" என்று கேட்டேன்.

"இல்ல பாப்பா. போன தடவ ஸ்கேனுக்கே போகல. இந்தத் தடவ அது உதைக்கிறதை எண்ணிக்கிட்டு உக்காந்திருக்கேன்."

போன மாதம் வளைகாப்பு. மாத்திரை அட்டை இப்போது சேலைக்கு அடியில் இல்லை. அடுப்படி அலமாரியில், சத்து மாத்திரைக்குப் பக்கத்தில் இருக்கிறது. சாப்பிட்டு முடித்ததும் எடுத்துக் கொடுப்பது அத்தைதான்.