வெள்ளைக் கல்லில் வெளுக்கும் மீன்

தில்லியில் புதிதாக மீன் வளர்க்கத் தொடங்குகிறவருக்கும் மீன் விற்றவருக்கும் முதல் தகராறு வர ஒரு வாரம் போதும். கடையில் கரிக்கட்டையாகக் கறுத்தும் மிளகாய்ப் பழமாகச் சிவந்தும் இருந்த மீன்கள், கரோல் பாக் மாடி வீட்டின் வரவேற்பறைக்கு வந்த சில நாளில் பலமுறை துவைத்த சட்டைபோல் ஆகிவிடுகின்றன. சாயம் பூசி ஏமாற்றிவிட்டதாக வாங்கியவர் கடையில் போய்ச் சத்தம் போடுகிறார். குழாய்த் தண்ணீரின் குளோரின்மீது கடைக்காரர் பழி போடுகிறார். இருவர் சொல்வதும் சில சமயம் சரிதான். ஆனால் பல வீடுகளில் காரணம் தொட்டியின் அடியிலேயே கிடக்கிறது: அழகுக்காகப் பரப்பிய வெள்ளைக் கூழாங்கல்.

மீனின் தோலில் கறுப்பு நிறமிச் செல்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் நட்சத்திரம்போலக் கைகளை நீட்டிக்கொண்டிருக்கும். உள்ளே மெலனின் நுண்ணிய மணிகளாக நிரம்பியிருக்கும். மணிகள் கைகளின் நுனிவரை பரவினால் மீன் கறுக்கும். எல்லாம் நடுவில் ஒரு புள்ளியாகக் குவிந்தால் வெளுக்கும். திண்ணையில் ஜமுக்காளத்தை விரிப்பதும் சுருட்டுவதும் மாதிரிதான். ஜமுக்காளம் எங்கும் போய்விடவில்லை, திண்ணை தெரிகிறது, அவ்வளவே. மஞ்சளுக்கும் சிவப்புக்கும் வேறு செல்கள் உண்டு. வெள்ளிப் பளபளப்பும் நீலமும் நிறமியே அல்ல, நுண்ணிய படிகத் தகடுகளில் ஒளி பட்டுத் திரும்பும் ஜாலம். நியான் டெட்ராவின் நீலக்கோடு இரவில் ஊதாவாக மாறுவது அந்தத் தகடுகளின் இடைவெளி மாறுவதால்தான். காலையில் விளக்கைப் போட்டதும் மீன் மங்கலாக இருக்கிறதே என்று பதற வேண்டாம். சற்று நேரத்தில் தானே தேறிவிடும்.

எப்போது விரிப்பது, எப்போது சுருட்டுவது என்று முடிவு செய்வது கண். மேலிருந்து எவ்வளவு ஒளி வருகிறது, கீழே தரையிலிருந்து எவ்வளவு திரும்பி வருகிறது என்று மீன் ஒப்பிட்டுப் பார்க்கிறது. அதனால்தான் மங்கிய அறையிலும் வெள்ளைத் தரைமேல் மீன் வெளுக்கிறது. பளிச்சென்ற விளக்கின் கீழும் கறுப்புத் தரைமேல் கறுக்கிறது. பார்வை போன மீனுக்கு இந்தக் கணக்கு நின்றுவிடும். வெள்ளைக் கல் தொட்டியில் எல்லா மீன்களும் வெளுத்திருக்க ஒன்று மட்டும் கறுத்தே கிடந்தால், அது குருடாகவோ நோயுற்றோ இருக்கக்கூடும். 1911-இல் கார்ல் வான் ஃப்ரிஷ் இன்னும் ஒரு விசித்திரத்தைக் கண்டார். பார்வையற்ற சிறு மீனின் நெற்றியில் ஒளி விழச் செய்தால் அது கறுத்தது, நிழல் விழச் செய்தால் வெளுத்தது. மண்டைக்குள் இருக்கும் பீனியல் பகுதியும் ஒளியை உணர்கிறது என்ற எண்ணம் இப்படித்தான் பிறந்தது. தேனீக்களின் நடனத்தைப் படித்துப் பின்னாளில், 1973-இல், நோபல் பரிசு பெற்றவர் இவரேதான்.

கண்டதைத் தோலுக்குச் சொல்ல இரண்டு வழிகள். நரம்பு வழி வேகமானது, நிமிடங்களில் வேலை முடிந்துவிடும். மெதுவான வழி ஹார்மோன். எம்எஸ்எச் என்பது கறுக்க வைக்கும். எம்சிஎச் என்பது வெளுக்க வைக்கும். எம்சிஎச்சை ஜப்பானிய விஞ்ஞானிகள் 1983-இல் சால்மன் மீனின் பிட்யூட்டரியிலிருந்து பிரித்தெடுத்தனர். அதே பொருள் பாலூட்டிகளின் மூளையிலும் இருக்கிறது. ஆனால் அங்கே அதற்கு வேறு உத்தியோகம். எலிகளின் மூளையில் செலுத்தியபோது அவை அதிகமாகத் தின்றதாக 1996-இல் ஓர் ஆய்வு காட்டியது. மீனிலும் பசிக்கும் வெளுப்புக்கும் உறவு இருக்கும் போலிருக்கிறது. ஜப்பானில் ஒருவகைத் தட்டைமீனை வெள்ளைத் தொட்டியில் வளர்த்தபோது கறுப்புத் தொட்டியில் இருந்ததைவிட வேகமாக வளர்ந்தது. எனவே வெளுத்த மீனெல்லாம் நலிந்த மீன் என்று நினைப்பது தப்பு.

சில வாரங்கள் ஒரே தரையில் இருந்தால் கதை வேறு. வெள்ளைத் தரையில் கறுப்புச் செல்களின் எண்ணிக்கையே குறைகிறது. கறுப்புத் தரையில் கூடுகிறது. ஆகவே மாதக்கணக்கில் வெளுத்த மீனுக்குக் கல்லை மாற்றியதும் அன்று மாலையே பழைய நிறம் முழுவதும் வந்துவிடாது.

இத்தனை ஏற்பாடும் எதற்கு? தின்னப்படாமல் இருக்கத்தான். இதை எண்ணிப் பார்த்து நிரூபித்தவர் அமெரிக்க விலங்கியலாளர் ஃப்ரான்சிஸ் சம்னர். 1930-களில் அவர் எடுத்துக்கொண்டது, தில்லியின் நீர்நிலைகளில் கொசுப் புழுக்களைத் தின்ன விடப்படும் அதே கம்பூசியா மீன். சிலவற்றை வெள்ளைத் தொட்டியிலும் சிலவற்றைக் கறுப்புத் தொட்டியிலும் வாரக்கணக்கில் பழக்கி, பின் கலந்து விட்டு, பெங்குவின் பறவையை இறக்கினார். வெளிறிய தொட்டியில் கறுத்த மீன்கள் அதிகம் மாட்டின. கறுப்புத் தொட்டியில் வெளுத்தவை. வரவேற்பறைத் தொட்டியில் பெங்குவின் கிடையாது என்பது மீனுக்கு யார் சொல்வது?

கடைக்காரர்களுக்கு விஞ்ஞானம் தெரிகிறதோ இல்லையோ, தொழில் தெரியும். பின்பக்கக் கண்ணாடிக்குக் கறுப்பு அல்லது கருநீலத் தாள், அடியில் கருமணல், மேலே சிவப்பைத் தூக்கிக் காட்டும் ரோஜா நிற விளக்கு. இதில் மோசடி இல்லை. ஜவுளிக்கடை விளக்குக்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை. தீனியும் ஒரு காரணம். தங்கமீனின் செம்மைக்கு வேண்டிய கரோட்டினாய்டை மீன் தானாகத் தயாரிக்க முடியாது, தின்றுதான் பெற வேண்டும். ஸ்பைருலினா கலந்த தீனி கொஞ்சம் விலை கூடினாலும் அதற்குப் பொருள் உண்டு. கூடவே தில்லிக் குளிர். ஜனவரி இரவில் ஹீட்டர் இல்லாத தொட்டியில் வெப்பநாட்டு மீன் நிறத்தோடு நிற்கும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவர் ஃப்ரான்சிஸ் ஹாமில்டன் கங்கை மீன்களைப் பற்றி 1822-இல் ஒரு நூல் வெளியிட்டார். அதில் முதன்முதலாக விவரிக்கப்பட்ட இரண்டு மீன்கள் இன்று உலகெங்கும் கண்ணாடித் தொட்டிகளில் இருக்கின்றன. இரண்டின் விதியும் ஒன்றல்ல.

ஒன்று, நீலக்கோடு போட்ட வரிக்குதிரை மீன். தில்லியில் உள்ள ஐஜிஐபி என்ற மரபணு ஆய்வு நிறுவனம் அஸ்ஸாமின் நீரில் பிடித்த இந்த மீனின் முழு மரபணுத் தொகுதியை 2009-இல் படித்து முடித்தது. சுமார் 170 கோடி எழுத்துகள். ஸ்ரீதர் சிவசுப்பு, வினோத் ஸ்கரியா ஆகியோர் தலைமையில் நடந்த வேலை. இதன் கரு கண்ணாடிபோல் தெளிவானது என்பதால் நிறமிச் செல் உருவாவதை உயிரோடு பார்க்கலாம். மீனைக் கறுக்க வைக்கும் எம்எஸ்எச்தான் மனிதத் தோலில் மெலனினைத் தயாரிக்கச் சொல்லும் ஹார்மோனும். அந்த ஆணை செல்லுக்குள் எப்படி நிறைவேறுகிறது என்பதை அதே நிறுவனத்தின் இன்னொரு குழு இந்த மீனின் துணையோடு ஆராய்ந்து 2018-இல் வெளியிட்டது. வெண்புள்ளி வந்தவரை (அதைக் குஷ்டத்தோடு சேர்த்துப் பேசுவது அறியாமை) கல்யாணப் பேச்சிலிருந்தே ஒதுக்கிவைக்கும் நாட்டில், நிறமிச் செல்லைப் புரிந்துகொள்வது சின்ன விஷயமில்லை.

மற்றொன்று கண்ணாடி மீன். உடல் வழியே முள்ளெலும்பு தெரியும். அந்தத் தெளிவே அதற்கு வினையானது. தென்கிழக்கு ஆசியப் பண்ணைகளில் ஊசியால் உடலில் பல இடங்களில் குத்தி, ஒளிரும் பச்சையும் இளஞ்சிவப்பும் ஏற்றி விற்றார்கள். இப்படிக் குத்தப்பட்ட மீன்களில் வைரஸ் நோய் அதிகம் காணப்பட்டதால் பிரிட்டனில் 1990-களில் மீன் வளர்ப்போரே எதிர்ப்பு இயக்கம் நடத்தினார்கள். சாயமேற்றிய டெட்ராக்கள் இந்தியக் கடைகளிலும் விற்றிருக்கின்றன. மிருகவதைத் தடுப்புச் சட்டம் (1960) மனிதர் அல்லாத எல்லா உயிருக்கும் பொருந்தும், மீனுக்கும்தான். மீன்தொட்டிக் கடைகளுக்கென்றே மத்திய அரசு 2017-இல் தனி விதிகள் கொண்டுவந்தது. வியாபாரிகளின் எதிர்ப்பு கிளம்பியது, விதிகள் பிறகு திரும்பப் பெறப்பட்டன. எனவே தடுக்கும் இடம் பெரும்பாலும் கடை வாசலில் நிற்கும் வாடிக்கையாளர்தான். அவர் கேட்டால் மீன் வரும், கேட்காவிட்டால் வராது.

அசலா சாயமா என்று பார்ப்பது கஷ்டமில்லை. ஒரே இனத்து மீன் ஒரே தொட்டியில் மஞ்சள், பச்சை, ஊதா என்று மிட்டாய்க்கடை வரிசையில் நீந்தினால் சந்தேகப்பட வேண்டும். மரபணு மாற்றிய ஒளிரும் மீன்களும் இப்படி இருக்கும். அவற்றை இந்தியாவில் விற்க 1989-ஆம் ஆண்டு விதிகளின்படி அரசு அனுமதி வேண்டும். சொந்த நிறமுள்ள மீன் வெள்ளைக் கல்லில் வெளுத்து, கருமணலுக்கு மாற்றினால் மெல்லத் தேறும். ஊசி ஏற்றிய நிறம் எந்தக் கல்லுக்கும் அசையாது. சில மாதங்களில் தானே கரைந்து போகும், அதுவரை மீன் இருந்தால்.