பொழுதுபோக்கு என்று சொல்லாதீர்கள்!

கோடை வந்தாலே எங்கள் வீட்டில் ஒரு சண்டை வந்துவிடும். பணத்துக்காக இல்லை, தண்ணீருக்காக! "குடிக்கவே ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் குழாய்ல தண்ணி வருது, இதுல உன் செடிக்கு வேறயா?" என்பார் என் வீட்டுக்காரர். "சந்தையில பத்து ரூபாய்க்குக் கிடைக்கிற காய்க்கு நீ ஏன் வெயில்ல காயறே?" என்றும் சேர்த்துக் கொள்வார். இந்த வருஷம் நான் வாயைத் திறக்கவில்லை. செய்து காட்டுவோம் என்று இருந்து விட்டேன்.

நாங்கள் இருப்பது திருவண்ணாமலை மாவட்டம், வெம்பாக்கம். ஆரணிப் பட்டு, காஞ்சிப் பட்டு என்று நீங்கள் ஆசையாக வாங்கிக் கட்டுகிறீர்களே, அந்தத் தறிதான் எங்களுக்கும் சோறு போடுகிறது.

கொல்லையில் பத்தடிக்குப் பத்தடி இடம். தை மாசக் கடைசியில் வெண்டை, கொத்தவரை, பரங்கி விதை போட்டேன். அரிசி களைந்த தண்ணீர், காய் கழுவிய தண்ணீர் எல்லாவற்றையும் ஒரு குடத்தில் சேர்த்து, வெயில் தாழ்ந்ததும் ஊற்றினேன். வேரைச் சுற்றிக் காய்ந்த இலையைப் பரப்பி வைத்தால் ஈரம் சீக்கிரம் காயாது. வெயில் ஏறியதும் நாலு கம்பு நட்டுப் பழைய நூல் புடவையைப் பந்தலாகக் கட்டி விட்டேன். குழாய்த் தண்ணீரில் ஒரு சொம்பு கூட எடுக்கவில்லை. சாயம் அலசிய தண்ணீரை மட்டும் செடிப் பக்கமே கொண்டு போக மாட்டேன்.

நாற்பத்தைந்து நாளில் வெண்டை காய்த்தது. முதல் நாள் ஆறே ஆறு காய்! அதைப் பறித்து முந்தானையில் போட்டுக் கொண்டு வந்தபோது இருந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது! ரெண்டு நாளைக்கு ஒரு தரம் பறித்து விட வேண்டும், விட்டால் முற்றி நாராகி விடும்.

அந்தச் சந்தோஷம் நீடிக்கவில்லை. ரெண்டு செடியில் இலை நரம்பெல்லாம் மஞ்சளாகி, காயும் வெளுத்துப் போனது. "பிடுங்கிப் போட்டுடும்மா, வெள்ளை ஈ மத்த செடிக்கும் கொண்டு போயிடும்" என்றார் எதிர்வீட்டு அத்தை. பூவோடு நிற்கிற செடியைப் பிடுங்க எனக்கு மனசு வரவில்லை. ரெண்டே வாரத்தில் பன்னிரண்டு செடியில் ஒன்பது போய்விட்டது. ஒரு பக்கம் அழுகை, ஒரு பக்கம் "நான் அப்பவே சொன்னேன்" என்று அவர் பேச்சு.

பரங்கியும் ஏமாற்றியது. கொடி நிறையப் பூ, ஒரு பிஞ்சு கூட இல்லை. அத்தைதான் விளக்கினார். காம்பில் குட்டிப் பிஞ்சு இருந்தால் பெண் பூ, வெறும் காம்பாக இருந்தால் ஆண் பூ. வெயில் அதிகமானால் ஆண் பூதான் அதிகம் வருமாம். பெண் பூ வந்ததும், விடிந்த கையோடு ஒரு ஆண் பூவைப் பறித்து, இதழை உரித்து விட்டு, மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவில் தடவினேன். நாலில் ரெண்டு பிடித்தது. ஒன்றை அணில் கடித்து விட்டது. மிச்சமிருந்த ஒன்று நன்றாக முற்றியது. அதை அறுத்து ஆளுக்கு ஒரு பத்தையாக ஏழு வீட்டுக்குக் கொடுத்தேன்.

கணக்குப் பார்த்தால் எனக்கு மிச்சமானது சொற்பக் காசுதான். பொய் சொல்லி என்ன ஆகப் போகிறது? ஆனால் ஒன்று கேட்கிறேன். தறியில் அவர் நெய்ய, நான் தார் சுற்றுகிறேன், அறுந்த இழையைப் பிணைக்கிறேன். புடவை முடிந்து கூலி வரும்போது அது 'அவர் நெய்த புடவை'. என் வேலை எந்தக் கணக்கிலும் வராது. அப்படி இருக்கும்போது, நானே விதைத்து நானே பறித்த அந்த ஆறு வெண்டைக்காயையும் 'பொழுதுபோக்கு' என்று தள்ளினால் மனசு வலிக்காதா? இவர்கள் சொல்கிற பொழுது எங்களுக்கு எங்கே இருக்கிறது, போக்குவதற்கு?

வீட்டு ஆண்களுக்கு ஒரு வேண்டுகோள். கூட நின்று தண்ணீர் ஊற்றாவிட்டாலும் பரவாயில்லை. சாப்பிடும்போது, "இது நம்ம கொல்லைக் காயா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள், போதும்.

பரங்கிக் குழம்பு வைத்த அன்று என் வீட்டுக்காரர் இரண்டாவது தரம் சோறு போடச் சொன்னார். வேறொன்றும் பேசவில்லை. மறுநாள் காலையில் பார்க்கிறேன், சாய்ந்திருந்த புடவைப் பந்தலை யாரோ இழுத்துக் கட்டியிருந்தார்கள்!

பரங்கி விதையைக் கழுவிக் காய வைத்து விட்டேன். ஆடியில் போடப் போகிறேன். இந்தத் தடவை நோய் வந்த செடியைப் பார்த்தால் தயங்காமல் பிடுங்கி விடுவேன். நீங்களும் நாலு விதை போட்டுப் பாருங்கள், சகோதரிகளே!

- ஒரு வாசகி, வெம்பாக்கம்.