எலி கடித்த கார் வயர்: இன்சூரன்ஸ் கேட்கலாமா, கைக்காசு போடலாமா?

ஒரு வாரம் ஊருக்குப் போய்விட்டு வந்து காரை ஸ்டார்ட் செய்தால், டேஷ்போர்டில் 'செக் இன்ஜின்' விளக்கு எரிகிறது. ஏசி வேலை செய்யவில்லை. பானட்டைத் திறந்தால் வயர் துணுக்குகளும் எலிப் புழுக்கையும். "எலி கடிச்சிருக்கு சார், ஹார்னஸையே மாத்தணும்" என்கிறார் மெக்கானிக்.

ஒற்றை வயர் என்றால் ஒட்டு போட்டு சில நூறு ரூபாயில் முடித்துவிடலாம். மொத்த வயரிங்கையும் மாற்ற வேண்டும் என்றால் பில் பல ஆயிரங்களுக்குப் போகும். அதை யார் கட்டுவது?

எலிக்கு வயர் மேல் அப்படி என்ன ஆசை?

எலியின் முன்பற்கள் ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். எதையாவது கொறித்துத் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். வயரின் மேலுறை அதற்கு வாகான பொருள். ஓடி நின்ற இன்ஜின் கதகதப்பாக இருக்கும், பூனைக்கும் எட்டாது. வடகிழக்குப் பருவமழையில் வளைக்குள் தண்ணீர் புகுந்துவிட்டால், காய்ந்த இடம் தேடும் எலிகளுக்கு பார்க்கிங்கில் நிற்கும் கார்தான் வீடு. சுண்டெலி நுழைய 6 மில்லிமீட்டர் இடுக்கே போதும்.

'இப்போ வர்ற வயர்ல சோயா இருக்கு, அதான் எலி சாப்பிடுது' என்ற பேச்சும் உண்டு. சோயா கலந்த மேலுறைதான் எலிகளை இழுக்கிறது என்று 2016-ல் அமெரிக்காவில் டொயோட்டா மீது வழக்கே போடப்பட்டது. ஆனால் சோயா இல்லாத பழைய பிளாஸ்டிக் வயர்களையும் எலிகள் கடிக்கத்தான் செய்கின்றன. அதனால் பழியை முழுக்க சோயா மீது போட முடியாது.

வாரன்டி கைகொடுக்குமா?

கொடுக்காது. கார் நிறுவனத்தின் வாரன்டி தயாரிப்புக் குறைபாட்டுக்கு மட்டும்தான். எலி கடித்தது வெளியிலிருந்து வந்த சேதம்.

சட்டப்படி கட்டாயமான தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸும் உதவாது. அது மற்றவர்களுக்கு ஏற்படும் பாதிப்புக்கானது. சொந்த காரின் சேதத்தை ஈடுகட்டும் 'ஓன் டேமேஜ்' பகுதி அடங்கிய காம்ப்ரஹென்சிவ் பாலிசி இருந்தால் பொதுவாக கிளெய்ம் கேட்க முடியும். அப்போதும் முழுத் தொகை கைக்கு வராது. கட்டாயப் பிடித்தமாக 1,500 சிசி வரையிலான கார்களுக்கு ரூ.1,000, அதற்கு மேல் ரூ.2,000 கழிக்கப்படும். பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்கு 50% தேய்மானமும், மற்ற பாகங்களுக்கு காரின் வயதைப் பொறுத்தும் கழிவு உண்டு. 'ஜீரோ டெப்' ஆட்-ஆன் எடுத்தவர்களுக்கு இந்தத் தேய்மானக் கழிவு இருக்காது.

கிளெய்ம் கேட்டால் லாபமா?

பலரும் கோட்டை விடும் இடம் இதுதான். கிளெய்ம் இல்லாத ஒவ்வொரு ஆண்டுக்கும் ஓன் டேமேஜ் பிரீமியத்தில் தள்ளுபடி கிடைக்கும். இதுதான் நோ கிளெய்ம் போனஸ். முதல் ஆண்டு முடிந்ததும் 20%, பிறகு 25, 35, 45 என ஏறி 50 சதவீதத்தில் நிற்கும். ஒரே ஒரு கிளெய்ம் போட்டால், மறுபடி பூஜ்ஜியத்திலிருந்து தொடங்க வேண்டும்.

ஓர் உதாரணம். ஒருவரின் ஓன் டேமேஜ் பிரீமியம் தள்ளுபடிக்கு முன் ரூ.12,000, இப்போது அவருக்கு 35% போனஸ் என்று வைத்துக்கொள்வோம். கிளெய்ம் போடாவிட்டால் அடுத்த 5 ஆண்டுகளில் தள்ளுபடி 45, 50, 50, 50, 50 சதவீதம். போட்டால் 0, 20, 25, 35, 45 சதவீதம். வித்தியாசத்தைக் கூட்டினால் 120%, அதாவது ரூ.14,400. வேறு கிளெய்ம் எதுவும் இல்லை, பிரீமியமும் மாறவில்லை என்ற கணக்கு இது. கார் பழசாகி பிரீமியம் குறைந்தால் இந்தத் தொகையும் சற்றுக் குறையும்.

பில் ரூ.9,000 என்றால் இவர் கைக்காசு போடுவதே நல்லது. ரூ.40,000 என்றால் கிளெய்ம் கேட்பதுதான் புத்திசாலித்தனம். 'என்சிபி புரொடெக்ட்' ஆட்-ஆன் வைத்திருப்பவர்கள் அதன் நிபந்தனைகளுக்கு உட்பட்டு போனஸை இழக்காமல் கிளெய்ம் கேட்கலாம்.

கிளெய்ம் மறுக்கப்படாமல் இருக்க...

எலி கடித்தது தெரிந்த பிறகு காரை ஓட்டக் கூடாது. ஷார்ட் சர்க்கியூட், தீ ஆபத்து ஒரு பக்கம். தொடர்ந்து ஓட்டியதால் வேறு பாகம் கெட்டால், அது 'பின்விளைவுச் சேதம்' என்று கழிக்கப்படலாம். போட்டோ எடுத்து, இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குத் தகவல் சொல்லி, சர்வேயர் பார்த்த பிறகே வேலையைத் தொடங்க வேண்டும். கடிபட்ட வயரைத் தூக்கிப் போடக் கூடாது. 'எலெக்ட்ரிக்கல் பிரேக்டவுன்' பாலிசியில் அடங்காது என்பதால், பற்தடம் உள்ள அந்த வயர்தான் முக்கிய சாட்சி.

மறுத்துவிட்டால், முதலில் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரியிடம் எழுத்துப்பூர்வமாகப் புகார் செய்யலாம். ஐஆர்டிஏஐ-யின் 'பீமா பரோசா' தளமும் இருக்கிறது. 30 நாட்களில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியில்லை என்றால் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனை அணுகலாம். சென்னையில் அலுவலகம் உண்டு, கட்டணம் கிடையாது.

வராமல் தடுக்க முடியுமா?

நூறு சதவீத உத்தரவாதம் எதிலும் இல்லை. ஆனாலும் காரை அடிக்கடி எடுப்பது, காருக்குள் தின்பண்டம் விடாமல் இருப்பது, குப்பைத் தொட்டி பக்கம் நிறுத்தாமல் இருப்பது, வாரம் ஒருமுறை பானட்டைத் திறந்து பார்ப்பது ஆகியவை செலவில்லாத வழிகள். மிளகாய்க் காரத்துக்குக் காரணமான கேப்சைசின் தடவிய டேப்பை ஹோண்டா நிறுவனமே அமெரிக்காவில் விற்கிறது. எலி இருந்த இடத்தை வெறும் கையால் சுத்தம் செய்யக் கூடாது. அதன் சிறுநீரால் எலிக்காய்ச்சல் வரலாம். எலெக்ட்ரிக் காரில் ஆரஞ்சு நிற வயர்கள் உயர் மின்னழுத்தம் கொண்டவை, அவற்றைத் தொடவே கூடாது.

விஷம் வைப்பதில் இன்னும் கவனம் தேவை. 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில், எலி மருந்து வைத்த வீட்டில் 2 குழந்தைகள் உயிரிழந்தனர். குழந்தைகள் ஓடி விளையாடும் அபார்ட்மென்ட் பார்க்கிங்கில், எலிப் பொறியும் தினமும் அள்ளப்படும் குப்பையும்தான் பாதுகாப்பான வழி. ஒருவர் மட்டும் தன் காருக்கு டேப் சுற்றினால் எலி பக்கத்து காருக்குப் போய்விடும். அடுத்த அசோசியேஷன் மீட்டிங்கில் பேச வேண்டிய விஷயம் இது.