பழைய கட்டமைப்புக்களைக் களைதல்

சென்னையினின்று தெற்கே செல்லும் இருப்புப்பாதை திண்டிவனத்தைக் கடந்து விழுப்புரம் சந்திப்பை அடைகின்றது. முன்னாளில் இவ்வழியெங்கும் ஒரு மீட்டர் அகலமுள்ள பாதையே இருந்தது. பின்னர்ச் சென்னைப் பாதை அகலப்படுத்தப்பட்ட காலத்தில், விழுப்புரத்தினின்று மயிலாடுதுறை செல்லும் பாதை பழைய அளவிலேயே நின்றது. ஆகவே ஒரே சந்திப்பில் இருவகைப் பாதைகளையும் பேண வேண்டியதாயிற்று; ஒரு வண்டியில் வந்தோர் இறங்கி மறு வண்டி ஏறினர். மயிலாடுதுறைப் பாதையையும் மாற்றத் தொடங்கியபொழுது அவ்வழியே சில ஆண்டுகள் வண்டிகள் ஓடவில்லை. 2010-இல்தான் புதிய பாதை திறக்கப்பட்டது. பழையதை வைத்திருப்பதிலும் இடருண்டு, அகற்றுவதிலும் இடருண்டு என்பதை நம் பக்கத்தார் இவ்வாறு கண்கூடாகக் கண்டனர். அதே வினா இன்று கணினியின் உள்ளேயும் எழுந்துள்ளது. அதுபற்றி நம் கருத்தை ஈண்டுக் கூற விழைகின்றோம்.

விசைப்பலகை, அச்சுப்பொறி, வட்டு முதலிய ஒவ்வொரு சாதனத்திற்கும் இயங்குதளத்திற்கும் இடையே டிரைவர் எனப்படும் இயக்கி நிரல் ஒன்று நின்று பணிபுரிகின்றது. தன் சாதனம் எம்முகவரியில் உளது, எவ்வழியாகக் குறிப்பு அனுப்பும், இப்பொழுது என்ன நிலையில் உளது என்பவற்றையெல்லாம் அவ்வியக்கி ஓர் அட்டவணை போல் வகுத்து வைத்துக்கொள்ளும். அதுவே தரவுக் கட்டமைப்பு. கிராமக் கணக்கர் தம் பதிவேட்டில் கட்டங்கள் வரைந்து வைத்ததை ஒப்பது இது. சாதனம் உலக வழக்கினின்று மறைந்த பின்னரும் கட்டம் மட்டும் மறைவதில்லை. நிரப்புவாரும் படிப்பாரும் இன்றி அது வாளா கிடக்கின்றது.

லினக்ஸ் என்னும் இயங்குதளத்தின் வரலாறு இதற்குத் தக்க சான்று. ஆர்ம் வகைச் செயலிகளைக் கொண்ட ஒவ்வொரு மின்பலகைக்கும், அதிலுள்ள சாதனங்களை விவரிக்கத் தனித்தனிக் கோப்பு ஒன்றைக் கருநிரலினுள் எழுதுவது பழைய வழக்கம். பலகைகள் பெருகப் பெருகக் கோப்புக்களும் பெருகின. 2011-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் இதனைக் கடுமையாகக் கண்டித்தார். அதன்பின், சாதன விவரங்களைக் கருநிரலுக்குப் புறம்பே தனிப் பட்டியலாக வைக்கும் முறை விரைந்து பரவிற்று. 2023-இல் வெளிவந்த 6.3-ஆம் பதிப்பில், பயனற்றுப்போன பலகைக் கோப்புக்கள் பல நீக்கப்பட்டன. கோப்பு நீங்கியதும், அது நிரப்பி வந்த கட்டமைப்புக்கும் இயக்கியினுள் வேலையில்லாமற் போகின்றது. அதனையும் களைவதே முறை.

"கிடந்தால் கிடக்கட்டுமே, அதனால் யாருக்கு என்ன தீங்கு?" என்பார் உளர். தீங்கு உண்டு என்றே நாம் விடையிறுக்கின்றோம். கருநிரலின் பொது அமைப்பில் ஒன்றை மாற்றினால் அதனைச் சார்ந்த இயக்கிகள் அனைத்தையும் திருத்த வேண்டும். செத்த இயக்கியும் உயிருள்ளதைப் போலவே உழைப்பைக் கேட்கும். சோதித்துப் பார்க்கவோ சாதனமே இராது. டோர்வால்ட்ஸ் 1991-இல் தம் 386 கணினியில்தான் லினக்ஸை எழுதத் தொடங்கினார். ஆயினும் 2013-இல் வெளிவந்த 3.8-ஆம் பதிப்பில் அந்த 386-க்கான ஆதரவே நீக்கப்பட்டது. பிறந்த வீடென்ற பற்று அங்கே தடையாக நிற்கவில்லை.

பாதுகாப்பும் கருதத்தக்கது. ஒரு கணினியினுள் வேறு கணினிகளைப் பாவனையாகப் படைக்கும் கியூஎமு என்னும் மென்பொருளில், நெகிழ்வட்டுச் சாதனத்தைப் போல நடிக்கும் பகுதி ஒன்றுண்டு. 2004 முதல் அதனுள் ஒளிந்திருந்த பிழை 2015-இல்தான் வெளிப்பட்டது. வெனம் எனப் பெயரிடப்பட்ட அப்பிழையின் வழியே, உள்ளே அடைபட்டிருக்க வேண்டிய நிரல் வெளியேறித் தாங்கும் கணினியையே கைப்பற்றக்கூடும். நெகிழ்வட்டு வழக்கொழிந்து ஆண்டுகள் பலவாகியும் அதன் நிழல் கதவைத் திறந்து வைத்திருந்தது!

எனினும் கண்மூடிக் களைவதையும் நாம் ஆதரிக்கவில்லை. முதலில் கட்டமைப்பை எங்கெங்கே யார் பயன்படுத்துகின்றனர் என்று நிரல் முழுதும் தேட வேண்டும். பயன்படுத்தும் இடங்களை ஒவ்வொன்றாக மாற்றிய பின்னரே கட்டமைப்பில் கை வைத்தல் வேண்டும். ஒவ்வொரு படியும் சிறியதாகவும் காரணம் எழுதப்பட்டதாகவும் இருத்தல் வேண்டும். நீக்கியது அடியோடு அழிந்துவிடாது; கிட் என்னும் வரலாற்றேட்டில் அது நிலைத்திருக்கும். "நான் இதனைப் பயன்படுத்துகின்றேன்" என்று ஒருவர் சான்றோடு முன்வந்தால் மீட்டுக்கொள்ளவும் கூடும்.

ஆனால் முன்வந்து சொல்பவர் யார்? இங்குதான் நம் கடமை தொடங்குகின்றது. செல்வ நாடுகளில் கழித்தொதுக்கிய கணினிகள் திண்டிவனத்துக் கடைகளிலும் விழுப்புரத்தைச் சூழ்ந்த சிற்றூர் வீடுகளிலும் இன்னும் உழைக்கின்றன. 2011 முதல் தமிழக அரசு மாணாக்கர்க்கு வழங்கிய மடிக்கணினிகளுள், அண்ணன் படித்து முடித்துத் தங்கைக்குக் கொடுத்தவை எத்தனையோ! அவற்றை உடையோர் வாய் திறவாதிருப்பின், அவை உலகில் இல்லையென்றே தொலைவில் உள்ளோர் கொள்வர். அது அவர் குற்றமன்று. நம் மௌனத்தின் குற்றமே.

விழுப்புரத்துக் குனு லினக்ஸ் பயனர் குழுவினர் கட்டற்ற மென்பொருளை மாணாக்கர்க்குக் கற்பித்து வருகின்றனர். நம் கல்லூரி மாணாக்கரும் அத்தகையோருடன் கூடிப் புதுப் பதிப்புக்களைப் பழைய கணினிகளில் ஓட்டிப் பார்த்து, கண்ட குறைகளைக் கருநிரலாளர்க்கு எழுதுவாராக. பயனற்றதெனத் துணிந்த கட்டமைப்பைத் தம் கையாலேயே களைந்து திருத்தம் அனுப்பவும் கற்பாராக. பரீட்சைக்கென மனப்பாடம் செய்யும் ஏடு பலவற்றினும் அவ்வொரு திருத்தம் மிகுதியாகக் கற்பிக்கும். களைவோர்க்குக் கேட்கும் செவியும், பயன்படுத்துவோர்க்குச் சொல்லும் நாவும் இருப்பின், பழையது ஒருவருக்கும் இடரின்றிக் கழியும் என்பதே நம் துணிபு.