தை பிறந்தும் ஈரம் காயவில்லையா? வீட்டுத் தோட்டத்தில் எதை முந்தி விதைப்பது, எதற்குப் பொறுத்திருப்பது

பொங்கல் முடிந்த கையோடு கொல்லையைக் கொத்தி வெண்டை, கத்தரி, தக்காளி, பாகல், புடலை என்று விதை போடுவது நம் ஊர்களில் வழக்கம். தைப்பட்டத்தில் போட்டால் பங்குனி, சித்திரையில் வீட்டுக்குக் காய் கிடைக்கும். ஆனால் டிசம்பரோடு ஓய வேண்டிய வடகிழக்குப் பருவமழை, சில ஆண்டுகளில் ஜனவரியிலும் நீள்கிறது. 2021-ல் ஜனவரி 19-ஆம் தேதிதான் மழை விலகியது. 2025-ல் அது ஜனவரி 27 ஆனது. அதாவது தை பிறந்து இரண்டு வாரம் கழித்து!

2021 ஜனவரி மழையில் டெல்டாவில் அறுவடைக்கு நின்ற சம்பா நெல் சாய்ந்து கதிரிலேயே முளைத்ததை நாம் பார்த்தோம். வயலில் போனது கண்ணுக்குத் தெரிகிறது. கொல்லையில் மண்ணுக்குள் அழுகும் விதையை யாரும் கணக்கெடுப்பதில்லை. போன ஆண்டு பழுக்கவிட்டு எடுத்து வைத்த ஒரு பிடி நாட்டு விதை அதில் போய்விட்டால், அந்த ரகமே வீட்டை விட்டுப் போய்விடும்.

மழை நீண்ட ஆண்டில் இரண்டு விதமாகத் தவறு நடக்கிறது. நாள் தவறக்கூடாது என்று எல்லாவற்றையும் ஈர மண்ணில் போடுவது ஒன்று. மண் காயட்டும் என்று எல்லாவற்றையும் ஒன்றாகத் தள்ளிப்போடுவது இன்னொன்று. சில பயிர்கள் பொறுக்கும், சில பொறுக்காது. அதைப் பிரித்துப் பார்ப்பதில்தான் இந்தப் பட்டத்தின் லாபம் இருக்கிறது.

பட்டம் முன்பக்கம் சுருங்கும், பின்பக்கம் நீளாது

மழை இரண்டு வாரம் தாமதமானால் வெயிலும் இரண்டு வாரம் தாமதமாக வராது. ஏப்ரலில் வேலூர், கரூர், மதுரை பக்கமெல்லாம் வெயில் 40 டிகிரியை ஒட்டி வந்துவிடும். மே முதல் வாரத்தில் அக்னி நட்சத்திரம் தொடங்கிவிடும்.

தக்காளியில் பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் மகரந்தம் கெட்டுப் பூ உதிரும். தை முதல் வாரம் விதைத்தால் சுமார் 25 நாளில் நாற்று நடலாம். மார்ச் முதல் பாதியில் பூ எடுக்கும், காயும் பிடிக்கும். மாசி நடுவில் விதைத்தால் பூ எடுப்பது ஏப்ரல் பிற்பாதியில். செடி நன்றாக நிற்கும், காய்தான் இருக்காது. மிளகாய்க்கு நாற்றங்காலே 40 நாள் என்பதால் அதற்கும் இதே நெருக்கடி உண்டு.

வெண்டை, கொத்தவரை, பாகல், புடலை, பீர்க்கன் ஆகியவை வெயில் தாங்கும். மாசி முதல் வாரம் வரை பொறுத்தாலும் பெரிய நட்டமில்லை. ஆனால் இவற்றின் விதைக்குச் சூடான மண் வேண்டும். நல்ல சூட்டில் ஐந்தாறு நாளில் முளைக்கும் வெண்டை, குளிர்ந்த ஈர மண்ணில் பத்து நாளுக்கு மேல் கிடக்கும். அதற்குள் பூஞ்சாணம் பிடித்துப் பாதி அழுகிவிடும். மீதி முளைத்தாலும் நோஞ்சானாக வரும்.

இப்போதே தொடங்க வேண்டியவை

தக்காளி, மிளகாய், கத்தரி விதையைப் பாத்தி காயும் வரை வைத்திருக்காதீர்கள். குழித்தட்டிலோ, அடியில் ஓட்டை போட்ட பழைய தட்டிலோ மட்கிய தென்னை நார்க் கழிவும் மட்கிய எருவும் கலந்து நிரப்பி விதையுங்கள். மழை படாத, ஆனால் காலை வெயில் படும் திண்ணை ஓரம் போதும். வெளியே மண் காயும்போது உள்ளே நாற்று தயாராகிவிடும். நாள் வீணாகாது.

நாற்றழுகலைத் தடுக்க விதை நேர்த்தி கட்டாயம் செய்யுங்கள். ஒரு கிலோ விதைக்கு டிரைக்கோடெர்மா விரிடி 4 கிராம் அல்லது சூடோமோனாஸ் 10 கிராம் என்பது அளவு. வீட்டுத் தேவைக்கு ஒரு சிட்டிகை போதும். ஆறிய கஞ்சியில் குழைத்து விதையில் தடவி நிழலில் உலர்த்துங்கள். தட்டில் தண்ணீரைக் காலையில் மட்டும், அளவாகத் தெளியுங்கள்.

காலியாகக் கிடக்கும் பாத்தியில் குளிரை விரும்பும் பயிர்களைப் போடலாம். வெந்தயக் கீரை 25 நாளில் வந்துவிடும். கொத்தமல்லித் தழைக்கும் முள்ளங்கிக்கும் 40 நாள் வரை ஆகும். மேட்டுப்பாத்தியாக இருந்தால் இவை நன்றாக வரும்.

பொறுத்திருக்க வேண்டியவை

வெண்டைக்கும் கொடிக் காய்களுக்கும் நாளைப் பார்க்காமல் மண்ணைப் பாருங்கள். நாலு விரல் ஆழத்தில் ஒரு பிடி மண்ணை எடுத்து அழுத்துங்கள். விரலால் தட்டினால் உதிர வேண்டும். களி உருண்டைபோல ஒட்டிக்கொண்டால் இன்னும் பதம் வரவில்லை. அந்த ஈரத்தில் கொத்தினால் கட்டி தட்டும், வெயில் வந்ததும் செங்கல்லாக இறுகிவிடும்.

அதுவரை அரை அடி உயரத்துக்கு மேட்டுப்பாத்தி எடுத்து, சுற்றிலும் வடிகால் விடுங்கள். வைக்கோல், சருகு மூடாக்கை இப்போது விலக்கி வையுங்கள். கோடையில் காப்பாற்றும் அதே மூடாக்கு, இப்போது வெயிலைத் தடுத்து மண்ணைக் குளிராகவே வைத்திருக்கும். முளைத்து நான்கு இலை விட்ட பிறகு, வெயில் ஏறும்போது திரும்பப் போடலாம்.

பாகல், புடலை விதையை ஓர் இரவு ஊறவைத்து, ஈரத்துணியில் சுற்றி அடுப்படிச் சூட்டில் வையுங்கள். முளை எட்டிப் பார்த்ததும் ஊன்றினால் மண்ணில் அழுகும் பேச்சே இல்லை. நாட்டு விதை வைத்திருப்பவர்கள் பாதியை மட்டும் போட்டு, பாதியை மாசிக்கு என்று எடுத்து வையுங்கள்.

ஓசூர், தளி பக்கம் இரவுக் குளிர் சமவெளியை விட அதிகம் என்பதால் இன்னும் ஒரு வாரம் கூடுதலாகப் பொறுக்கலாம். நீலகிரியிலும் கொடைக்கானல் மேல்மலையிலும் உறைபனி விழும் வரை பீன்ஸ் விதைக்க வேண்டாம். முளைத்த செடி ஒரே இரவில் கருகிவிடும்.

பனி இருக்கும் வரை கவனம்

பகலில் வெயிலும் இரவில் பனியுமாக இருக்கும் நாட்களில் வெண்டை, மிளகாய், கொடிக் காய்களின் இலையில் மாவு தூவியதுபோல் சாம்பல் நோய் வரும். அடி இலைகளை வாரம் ஒருமுறை திருப்பிப் பாருங்கள். முதலில் தெரியும் இலைகளைக் கிள்ளி, தோட்டத்துக்கு வெளியே போடுங்கள். மாலையில் இலை நனையத் தண்ணீர் விடுவதைத் தவிர்த்து, காலையில் வேருக்கு மட்டும் விடுங்கள்.

இந்த வாரம் மழை விட்டிருந்தாலும் விடாவிட்டாலும் செய்யக்கூடிய வேலை ஒன்றுதான். தக்காளி, மிளகாய், கத்தரி விதையைத் தட்டில் போட்டுத் திண்ணையில் வையுங்கள். வெண்டை விதை டப்பாவிலேயே இருக்கட்டும்.