திரையை அணைச்சுட்டு விளையாடிப் பாருங்க!



போன மாசம் கம்ப்யூட்டர் லேப்ல பழைய காலத்து கம்ப்யூட்டர் விளையாட்டுகளைப் போட்டுக் காட்டினாங்க. எல்லாரும் முண்டியடிச்சுப் பார்த்தோம். பார்வையில்லாத என் நண்பன் மட்டும் பக்கத்துல உட்கார்ந்து, "என்னடா நடக்குது, சொல்லுடா"ன்னு கேட்டுக்கிட்டே இருந்தான். "இருடா, சொல்றேன்"னேன். கடைசி வரைக்கும் சொல்லவே இல்லை. அது இன்னும் மனசை உறுத்துது.

இத்தனைக்கும் கம்ப்யூட்டர்ல அவன் என்னைவிடக் கெட்டிக்காரன். திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் என்.வி.டி.ஏ. என்ற இலவச மென்பொருள் அவனுக்குக் கண் மாதிரி. 2006-ல் ஆஸ்திரேலியாவில் அதை எழுதத் தொடங்கிய மைக்கேல் கரனும் பார்வையற்றவர்தான். அப்படிப்பட்ட மென்பொருள் அன்றைக்கு மட்டும் ஏன் வாயே திறக்கலை?

காரணம் இதுதான். நாம பார்த்தது நிஜமான பழைய கம்ப்யூட்டர் இல்லை, எமுலேட்டர். கூத்துல ஒருத்தர் அர்ஜுனன் வேஷம் கட்டுவது போல, இன்றைய கம்ப்யூட்டர் பழைய கம்ப்யூட்டராக வேஷம் கட்டுவதுதான் எமுலேட்டர். பழைய திரையை அது வெறும் படமாக வரைந்து காட்டுகிறது. நமக்கு அது எழுத்து. என்.வி.டி.ஏ.வுக்கு அது வெறும் புள்ளிகள்.

மாமல்லபுரம் சுற்றுலா ஞாபகம் இருக்கா? ஒரு சிற்பக் கூடத்தில் அவன் கல்லைத் தடவிப் பார்த்து, "இது தும்பிக்கை, இது காது, யானைடா!"ன்னு சொன்னானே! அதே யானையை போட்டோ எடுத்துக் கையில் கொடுத்தால்? வழவழப்பான காகிதம், அவ்வளவுதான். எமுலேட்டரும் அந்த போட்டோவைத்தான் அவனிடம் நீட்டுகிறது.

சரி, கல்லையே நீட்ட முடியாதா? முடியும்! பி.பி.சி. மைக்ரோ என்ற கம்ப்யூட்டரை எடுத்துக்குவோம். இங்கிலாந்தின் ஏகார்ன் நிறுவனம் 1981-ல் கொண்டுவந்தது. நம் நாட்டுப் பள்ளிகளில் கம்ப்யூட்டர் கற்றுத்தர 1984-ல் தொடங்கிய 'கிளாஸ்' திட்டத்தில் வந்து இறங்கியதும் இதுதான். அதன் ஒரு திரை வகையில் வரிக்கு 40 எழுத்து, மொத்தம் 25 வரி. ஆக 1000 இடங்கள். ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு எண் நினைவகத்தில் இருக்கும். 65 என்றால் ஆங்கில 'ஏ'. அந்த எண்களை எடுத்துக் கொடுத்தால் போதும், கம்ப்யூட்டர் வாய் திறந்து வாசித்துவிடும்.

இது கற்பனை இல்லை. 1994-ல் டேவிட் கில்பர்ட் தொடங்கிய 'பீப்எம்' என்ற எமுலேட்டரின் விண்டோஸ் பதிப்பில் இந்த வசதி இருக்கு. திரையில் வரும் எழுத்துகளை அதுவே பேசும். இல்லையென்றால் எழுத்துகளைத் தனி ஜன்னலில் போட்டுத் தரும், அதை என்.வி.டி.ஏ. வாசிக்கும். துப்பாக்கி சுடுவது, பந்து தட்டுவது போன்ற படவிளையாட்டுகளுக்கு இது உதவாதுதான். ஆனால் "வடக்கே போ, கதவைத் திற" என்று டைப் செய்து ஆடும் கதை விளையாட்டுகளை அவனும் நம்மோடு சமமாக ஆடலாம். நம்மை ஜெயிக்கவும் செய்வான்!

இன்னொரு ஆச்சரியம். என்.வி.டி.ஏ. தமிழை வாசிக்கும் 'ஈஸ்பீக்' குரல் எங்கே பிறந்தது தெரியுமா? ஜொனாதன் டடிங்டன் 1995-ல் அதே ஏகார்ன் நிறுவனத்தின் கம்ப்யூட்டர்களுக்காக எழுதிய ஆங்கிலக் குரலில் இருந்துதான். பழைய கம்ப்யூட்டர் போட்ட விதை இன்று தமிழ் பேசுது!

"ஒருத்தனுக்காக இவ்வளவு பாடா?"ன்னு சிலர் கேட்கலாம். பெரிய பாடு ஒண்ணும் இல்லை. மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது கொஞ்சம் யோசிச்சாலே போதும். தகவல் தொழில்நுட்பம் எல்லோருக்கும் எட்ட வேண்டும் என்று 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் சொல்கிறது. அவன் கேட்பது சலுகை இல்லை, பங்கு.

எனவே என் கோரிக்கை இரண்டு. அடுத்த கண்காட்சியில் எதை வைப்பதானாலும், முதலில் மானிட்டரை அணைத்துவிட்டு நாமே பயன்படுத்திப் பார்ப்போம். முடியலைன்னா அது இன்னும் தயாராகலைன்னு அர்த்தம். அடுத்தது, நோட்ஸை போட்டோ எடுத்து அனுப்பாமல் யூனிகோடில் டைப் செய்து அனுப்புவோம். போட்டோவும் அவனுக்கு அந்த வழவழப்புக் காகிதம்தானே!

கடைசியா ஒண்ணு. கையால் எழுதி ஒட்டிய இந்தத் தாளையும் அவனால் படிக்க முடியாது. அதனால் இடைவேளையில் இதை அவனுக்கு நானே வாசித்துக் காட்டப் போகிறேன். அன்றைக்குச் சொல்கிறேன் என்று சொல்லாமல் விட்டதை இன்றைக்காவது சொல்லணும் இல்லையா?

– 11-ம் வகுப்பு மாணவன்