எத்தனை மில்லிமீற்றர் பயம்?

கொஞ்ச நாளாக எங்கட பெடியள் சிலர் யூரியூப்பில் ஒரே மாதிரியான வீடியோக்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் ஏதோ ஒரு வெட்டவெளி. மேசையில் கண்ணாடி போல ஒரு ஜெலற்றின் கட்டி. ஒருவர் முதலில் 9 மி.மீ பிஸ்டலால் சுடுகிறார், பிறகு .45ஆல் சுடுகிறார். சன்னம் எவ்வளவு ஆழம் போனது என்று அளவுநாடா பிடித்துக் காட்டுகிறார். அனுமதிப்பத்திரம் எடுத்து, சட்டைக்குள் மறைத்துக் கொண்டுதிரிய எந்தக் கலிபர் நல்லது என்பதுதான் கேள்வி. ஒரு பகுதி 9 என்கிறது, மற்றப் பகுதி .45 என்கிறது. கிரிக்கெட் கதைக்கிற மாதிரிக் கதைக்கிறார்கள்.

நாங்கள் இரண்டு பக்கமும் இல்லை. இந்தச் சண்டையின் கேள்வியே பிழை என்கிறோம்.

கலிபர் என்பது பெரிய இரகசியம் ஒன்றுமில்லை. சன்னத்தின் விட்டம், அவ்வளவுதான். .45 என்றால் அங்குலத்தில் கிட்டத்தட்ட நூற்றில் நாற்பத்தைந்து பங்கு. ஆனால் இந்த இலக்கம் எங்கிருந்து வந்தது என்று ஒருக்காப் பாருங்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க இராணுவம் பிலிப்பைன்ஸைப் பிடித்து வைத்திருந்தது. தெற்கே மோரோ மக்கள் எதிர்த்து நின்றார்கள். கையிலிருந்த .38 ரிவோல்வரால் சுட்டும் அவர்கள் விழாமல் ஓடி வருகிறார்கள் என்று அதிகாரிகள் முறையிட்டார்கள். 1904இல் சிக்காகோவின் இறைச்சித் தொழுவங்களில் உயிருள்ள மாடுகளைச் சுட்டுப் பரிசோதித்தார்கள், மனிதப் பிணங்களையும் சுட்டுப் பார்த்தார்கள். .45க்குக் குறையக்கூடாது என்று முடிவெடுத்தார்கள். 1911இல் ஜோன் பிறவுணிங் வடிவமைத்த .45 பிஸ்டல் இராணுவத்துக்கு வந்தது. தன் மண்ணில் நின்ற மனிதனை எப்படி விழுத்துவது என்ற கேள்விதான் ‘நிறுத்தும் சக்தி’ என்ற அழகான பெயரோடு இன்று கடைகளில் ஓடித்திரிகிறது.

அடுத்த அத்தியாயம் மியாமி, 1986 ஏப்ரல் 11. இரண்டு கொள்ளையர்களோடு நடந்த மோதலில் எஃப்.பி.ஐ முகவர்கள் இருவர் இறந்தார்கள், ஐவர் காயப்பட்டார்கள். கொள்ளையரில் ஒருவனிடம் ரைபிள் இருந்தது, முகவர்களிடம் பெரும்பாலும் கைத்துப்பாக்கிகள்தான். ஆனாலும் பழி விழுந்தது ஒரு 9 மி.மீ சன்னத்தில். அது இதயத்துக்குக் கொஞ்சம் முன்னால் நின்றுவிட்டதாம். உடனே 10 மி.மீ வந்தது. அது பலருக்குக் கையில் அடங்கவில்லை. 1990இல் .40 வந்தது. நாட்டின் பொலிஸ் நிலையங்கள் பல துப்பாக்கி மாற்றின. பிறகு 2014இல் அதே எஃப்.பி.ஐ சொன்னது: இப்போதைய 9 மி.மீ சன்னங்கள் போதும், சுடவும் இலகு. சுற்றிச் சுற்றித் தொடங்கிய இடத்துக்கே வந்து சேர்ந்தார்கள். இடையில் விற்றவர்களுக்கு மட்டும் நட்டமில்லை.

சரி, சட்டம் என்ன செய்தது? டெக்ஸாஸைப் பாருங்கள். மறைத்துக் கொண்டுதிரிய அனுமதிப்பத்திரம் கேட்பவர் சுட்டுக் காட்ட வேண்டிய தேர்வில், .32 அல்லது அதைவிடப் பெரிய கலிபர்தான் பாவிக்க வேண்டும் என்று பல வருடம் விதி இருந்தது. 2017இல் அதை நீக்கினார்கள். 2021இல் பெரும்பாலானவர்களுக்கு அனுமதிப்பத்திரமே தேவையில்லை என்றாக்கினார்கள். அந்த விதி கீழ் எல்லை போட்டது, மேல் எல்லை போடவில்லை. ‘இதைவிடப் பெரிதாகக் கொண்டுதிரியாதே’ என்று அரசு சொல்லவில்லை, ‘இதைவிடச் சிறிதோடு வராதே’ என்றுதான் சொன்னது. எல்லைக்கு அந்தப் பக்கம் மெக்சிக்கோவில் கதை தலைகீழ். அங்கே 9 மி.மீ பாரபெலம் இராணுவத்துக்கு ஒதுக்கப்பட்டது, பொதுமகன் பிஸ்டல் வைத்திருந்தால் .380க்கு மேல் போகக்கூடாது. அப்படியும் மெக்சிக்கோவில் சனம் செத்துக்கொண்டுதான் இருக்கிறது. பக்கத்து நாட்டில் கடை திறந்திருந்தால், துப்பாக்கி ஆறு கடந்து வரும்.

அப்ப கலிபர் முக்கியமில்லையா? முக்கியம்தான். ஆனால் வீடியோக்காரர் சொல்கிற மாதிரி இல்லை. 2018இல் வெளியான ஒரு ஆய்வு, பொஸ்டன் நகரில் 2010 முதல் 2014 வரை நடந்த துப்பாக்கிச் சூடுகளை எடுத்துப் பார்த்தது. .22, .25, .32 போன்ற சிறிய கலிபர் பட்டவர்களோடு ஒப்பிட்டால், .38, 9 மி.மீ போன்ற நடுத்தரம் பட்டவர்கள் இறப்பதற்கான வாய்ப்பு 2 மடங்குக்கு மேல். .40, .45 போன்ற பெரியவை என்றால் 4 மடங்குக்கு மேல். எத்தனை சூடு, உடம்பில் எந்த இடம் என்பதில் கலிபருக்குக் கலிபர் பெரிய வித்தியாசமில்லை. எல்லாமே சிறிய கலிபராக இருந்திருந்தால் கொலைகள் ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்திருக்கும் என்று கணக்கிட்டார்கள்.

அவை குற்றவாளிகளின் துப்பாக்கிகள், அனுமதிப்பத்திரம் எடுத்தவர்களுடையவை அல்ல என்பார்கள். சரி. ஆனால் கடையில் சட்டப்படி வாங்கிய துப்பாக்கிதான் காரிலிருந்தும் லாச்சியிலிருந்தும் களவு போகிறது. படுகிற உடம்பும் அனுமதிப்பத்திரம் பார்ப்பதில்லை.

பயம் பொய் என்று நாங்கள் சொல்லவில்லை. கூப்பிட்டால் பொலிஸ் வர ஒரு மணித்தியாலம் எடுக்கிற இடத்தில் தனியே இருக்கிற ஒரு பெண்ணின் பயத்தை, இங்கே இருந்துகொண்டு நக்கலடிக்க எங்களுக்கு உரிமையில்லை. ஆனால் அந்தப் பயத்துக்குப் பதிலாக அவளுக்கு விற்கப்படுவது என்ன? 2021இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அதில் 26,328 பேர் தங்களைத் தாங்களே சுட்டவர்கள். பாதிக்கு மேல்! தன்னை நோக்கித் திருப்பும்போது 9ஆ .45ஆ என்ற கேள்விக்கு என்ன அர்த்தம்? எந்த ஜெலற்றின் கட்டி அதை அளந்து காட்டும்?

இதில்தான் எங்களுக்குக் கோபம் வருகிறது. அந்தக் கட்டி மனிதத் தசைக்குப் பதிலாக வைக்கப்பட்டது. இரத்தம் இல்லை, பெயர் இல்லை, அழ ஆள் இல்லை. அதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு மனிதனும் 12 அங்குல ஆழமாகத்தான் தெரிவான். அமெரிக்கப் பெடியனுக்கு அது புதுமையாக இருக்கலாம். எங்களுக்குமா? உடம்புக்குள் சன்னத்தோடும் செல்துண்டோடும் வாழ்கிறவர்கள் எங்கட ஒழுங்கையிலேயே இருக்கிறார்கள். குளிர் காலத்தில் அது குத்தும் என்று சொல்லுவார்கள், கையால் அந்த இடத்தைத் தடவுவார்கள். அது எந்தக் கலிபர் என்று அவர்கள் ஒருநாளும் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை.

துப்பாக்கியைப் பற்றிப் படிக்காதே என்று நாங்கள் சொல்லவில்லை. நல்லாப் படியுங்கள். யார் விற்கிறார்கள், யார் சட்டம் எழுதுகிறார்கள், யார் சாகிறார்கள் என்று படியுங்கள். கலிபருக்கு விதி வேண்டுமென்றால், சுடுகிறவனின் வசதியை வைத்து அல்ல, சூடு பட்டவர் பிழைப்பாரா என்பதை வைத்து எழுதட்டும். அடுத்த முறை அந்த வீடியோ வந்தால், பின்னூட்டத்தில் 9 என்றோ .45 என்றோ போடாதீர்கள். அந்தக் கட்டி இருக்கிற இடத்தில் யார் நிற்கப் போகிறார் என்று கேட்டுப் பாருங்கள்.